மரத்தடி ஏன் மொட்டையாகக் கிடக்கிறது?

எங்கள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்துக்குப் பின்புறம் ஒரு புளியமரம் இருக்கிறது. இரண்டு மாணவர்கள் கைகோத்து நின்றாலும் அதன் அடிமரத்தை வளைக்க முடியாது. மதிய உணவுக்கு அதன் நிழலில்தான் உட்காருகிறோம். சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் அங்கேதான் நிற்கின்றன. சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு முன் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. "மரத்தடியில் புல்கூட முளைப்பதில்லை, ஒரே புழுதி. சுற்றிலும் சிமென்ட் கல் பதித்துவிட்டால் சுத்தமாக இருக்கும்" என்றார்கள். பெரும்பாலோர் தலையசைத்தார்கள். நானும் உடனே மறுத்துப் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மரத்தடியில் செடி வளர்க்க முயன்று தோற்றவர்களில் நானும் ஒருவன்.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு மரம் இருக்கக்கூடும். அதன் அடியில் எவ்வளவு செடி வைத்தாலும் பிழைப்பதில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியும் இருப்பார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தடி மொட்டையாகக் கிடப்பதற்கு நாம் நிழலின் மீது பழி போடுகிறோம். முதல் குற்றவாளி நிழல் அல்ல, வறட்சி. இது தெரியாமல் செடி வாங்குவதால்தான் செடி சாகிறது. செடி செத்ததால்தான் மரத்தின் காலடிக்குச் சிமென்ட் வருகிறது.

நிழலையும் விட்டுவிடக் கூடாது; முதலில் அதைப் பார்ப்போம். நண்பகல் வெயிலில் தரையில் விழும் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். அடர்ந்த மரத்தின் கீழ் அது சில ஆயிரம் லக்ஸாகக் குறைந்துவிடும். நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் கண்மணி விரிந்து சரிசெய்துகொள்கிறது. இலைக்குக் கண்மணி இல்லை. அது வாங்கும் ஒளிக்கு ஏற்றபடிதான் உணவு தயாரிக்கும். எந்தச் செடிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த ஒளியில் ஒளிச்சேர்க்கையால் வரும் வரவும் சுவாசத்தால் ஆகும் செலவும் சமமாக இருக்கும். அதற்குக் கீழே போனால் செடி தன் சேமிப்பைத் தின்று சில வாரங்களில் ஓய்ந்துவிடும். வெயில் விரும்பும் செடிகளுக்கு இந்த எல்லை உயரத்தில் இருக்கிறது, நிழல் தாங்கும் செடிகளுக்குத் தாழ்வாக இருக்கிறது. அருகம்புல்லைப் புளியமரத்தடியில் பதித்துப் பச்சைக் கம்பளம் எதிர்பார்ப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அது வெயிலுக்கென்றே அமைந்த புல்.

ஒளியின் அளவோடு நிறமும் மாறுகிறது. இலைகள் 660 நானோமீட்டர் அளவிலுள்ள சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்கு எட்டியும் எட்டாததுமான 730 நானோமீட்டர் அடர்சிவப்பைப் பெருமளவு கீழே விட்டுவிடும். செடிகளில் உள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி இந்த இரண்டின் விகிதத்தை உணர்ந்து, "மேலே வேறு இலை இருக்கிறது" என்று கண்டுகொள்கிறது. உடனே சில செடிகள் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று ஒல்லியாக வளரும். செல்பேசியில் ஒளி அளக்கும் செயலிக்கு இந்த விகிதம் தெரியாது. ஆகவே செயலி காட்டும் எண்ணை ஒரு தோராயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்ன இயற்பியல் விஷயம், என் தொழில் பழக்கம், மன்னியுங்கள். மரத்தடியில் வட்ட வட்டமாக வெயில் பொட்டுகள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் வட்டமானவை அல்லவே, பொட்டு மட்டும் எப்படி வட்டமாகிறது? ஒவ்வோர் இடைவெளியும் ஊசித்துளை காமிராவாகச் செயல்பட்டுச் சூரியனின் பிம்பத்தைத் தரையில் வீழ்த்துகிறது. 26 டிசம்பர் 2019 அன்று கங்கண சூரிய கிரகணத்தின்போது கோவை, திண்டுக்கல், திருச்சிப் பக்கம் மரத்தடியில் நின்றவர்கள் இந்தப் பொட்டுகள் வளையங்களாக மாறியதைக் கண்டார்கள். சூரியன் நமக்கு அரை பாகை அகலமாகத் தெரிகிறது. எனவே சிறிய துளை ஒன்றிலிருந்து விழும் பிம்பத்தின் விட்டம், துளையின் உயரத்தில் ஏறத்தாழ 108-இல் ஒரு பங்கு. 10 மீட்டர் உயரத்து இடைவெளி 9 செ.மீ. பொட்டை வீழ்த்தும்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஓர் இலையின் முழு நிழல், இலையின் அகலத்தைப் போல் 108 மடங்கு தொலைவுக்குத்தான் நீளும். 5 செ.மீ. அகலமுள்ள மாவிலையின் முழு நிழல் 5 மீட்டருக்கு மேல் எட்டும். அரை செ.மீ. அகலமுள்ள புளியஞ்சிற்றிலையின் முழு நிழலோ 54 செ.மீ.யிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே அது மங்கிக் கலைந்த அரைநிழல்தான். எனவேதான் மாமரத்தடி நிழல் ஒரு வகையாகவும், புளி, தூங்குமூஞ்சி மரங்களின் நிழல் வேறு வகையாகவும் இருக்கிறது. தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலைகளை மடித்துக்கொள்வதால் அந்த நேரத்து ஒளியும் மழையும் ஓரளவு கீழே வந்துவிடுகின்றன. அதன் அடியில் புல் பசுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புளியமரத்தில் சிற்றிலைகள் அடுக்கடுக்காக இருப்பதால் மொத்தத்தில் நிழல் அடர்த்தியாகிறது. ஆனாலும் சூரியன் நகர நகர வெயில் பொட்டுகளும் நகர்ந்து, கீழே உள்ள ஒவ்வோர் இலையையும் சில நொடிகளோ சில நிமிடங்களோ தொட்டுப் போகின்றன. காட்டில் தரையோரச் செடிகள் பிழைப்பதில் இந்தப் பொட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அப்படியானால் ஒளி அறவே இல்லாமல் போகவில்லை. பிறகு ஏன் எதுவும் முளைக்கவில்லை?

இரண்டு காலி டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றைத் திறந்த வெளியிலும் மற்றொன்றை மரத்தடியிலும் வையுங்கள். ஒரு சிறு தூறலுக்குப் பிறகு பாருங்கள். வெளியில் உள்ள டப்பாவில் நீர் நிற்கும், மரத்தடி டப்பாவில் அடி நனைந்திருந்தால் அதிசயம். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 12 மீட்டர் விட்டமுள்ள மரத்தலைப்பின் பரப்பு சுமார் 113 சதுர மீட்டர். அதன் மேல் 2 மில்லிமீட்டர் மழை பெய்தால் 226 லிட்டர். அவ்வளவும் இலையிலும் கிளையிலும் ஒட்டி நின்று அப்படியே ஆவியாகிவிடக்கூடும். கோடையில் நமக்குக் கிடைக்கும் சில்லறை மழை பெரும்பாலும் இந்த ரகம்தானே! மரத்தடி மண்ணைப் பொறுத்தவரை அன்று மழையே பெய்யவில்லை.

வந்து சேரும் நீரையும் மரம் விட்டுவைப்பதில்லை. பெரிய மரத்தின் வேர்கள் ஆணிவேராகப் பாதாளம் வரை போகின்றன என்று நாம் படம் வரைகிறோம். நீரையும் உப்புகளையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், அரை மீட்டருக்குள்ளேயே கிடக்கின்றன. பக்கவாட்டில் அவை இலைத்தலைப்பின் எல்லையையும் தாண்டிப் போகும். அதே மேல்மண்ணில்தான் நாம் ஒரு சாண் குழி பறித்து நாற்று வைக்கிறோம். பெரிய மரம் கோடை நாள் ஒன்றில் 100 லிட்டருக்கு மேலும் நீரை ஆவியாக்க வல்லது. நாம் அன்போடு ஊற்றும் ஒரு குவளை நீர் யாருக்குப் போய்ச் சேரும் என்று ஊகியுங்கள்.

இதை ஊகமாக விடாமல் சோதித்தவர் ஜெர்மன் வனவியலறிஞர் ஃபிரிக்கே. பைன் மரங்களின் அடியில் நாற்றுகள் குன்றிக் கிடப்பது நிழலால் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவர் நாற்றுகள் இருந்த இடத்தைச் சுற்றிக் குறுகிய அகழி வெட்டி, பெரிய மரங்களின் வேர்களைத் துண்டித்தார். மேலே ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை, நிழல் அப்படியே இருந்தது. நாற்றுகள் செழித்தன. 1904-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே, நிழல் மரம், வெயில் மரம் என்ற பாகுபாட்டை அறிவியல் ஆதாரமில்லாத நம்பிக்கை என்று கூறிவிட்டார். சற்று மிகையாகச் சொல்லிவிட்டார் என்பது என் எண்ணம். நிழலுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அவர் செய்த சோதனை அழகானது.

நாங்கள் மரத்தின் வேரை வெட்ட விரும்பவில்லை. அதனால் வேறு விதமாகச் செய்தோம். ஐந்து கனகாம்பர நாற்றுகளை மரத்தடித் தரையில் நட்டோம். மற்ற ஐந்தை, அங்கே தோண்டிய அதே மண்ணை நிரப்பிய தொட்டிகளில் நட்டு, அடித்துளை வழியாக மரத்தின் வேர் ஏறாதபடி செங்கல் மேல் தூக்கி வைத்தோம். இரண்டுக்கும் நாளுக்கு ஒரே அளவு நீர். மூன்று வாரத்தில் தரையில் இருந்தவை வாடித் தொங்கின. அதே நிழலில், கையெட்டும் தூரத்தில், தொட்டியில் இருந்தவை பூத்தன. எனக்கு ஒரே பெருமை. அப்போது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், தரையில் ஊற்றிய தண்ணீர் பக்கவாட்டில் பரவிப் போயிருக்கலாம் இல்லையா? தொட்டியில் பரவ வழியில்லை. வேர்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?" சரியான கேள்வி! மரத்திலிருந்து வெகு தூரத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, அதே அளவு நிழல் உண்டாக்கி, இன்னும் ஐந்து நாற்றுகளைத் தரையில் நட்டோம். அவை பிழைத்துக்கொண்டன. பிறகுதான் அவள் ஒப்புக்கொண்டாள். நீங்களும் செய்து பாருங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து செடியாவது இருக்கட்டும். ஒரே ஒரு செடியை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

புளியமரத்தில் பேய் இருக்கிறது, அதனால்தான் அடியில் எதுவும் வளர்வதில்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பேயைவிடச் சற்று நாகரிகமான விளக்கமும் உண்டு. இலையிலுள்ள ரசாயனம் மற்ற செடிகளை வளரவிடாது என்பது அது. ஆய்வகத்தில் புளிய இலைச் சாறு சில விதைகளின் வளர்ச்சியைக் குன்றச் செய்திருப்பது உண்மைதான். ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, மழை கரைத்து நுண்ணுயிர்கள் சிதைக்கும் மண் வேறு. எங்கள் தொட்டிச் செடிகள் மீதும் அந்த இலைகள்தாம் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. நீரை அளந்து பார்க்காமல் ரசாயனத்தைக் குற்றம் சொல்வது, பேயைக் குற்றம் சொல்வதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

இப்போது செடி தேர்வுக்கு வருவோம். நர்சரிக்குப் போய் "நிழலில் வளரும் செடி கொடுங்கள்" என்று கேட்கிறோம். அவர்கள் பெரணியையும் மணிபிளாண்ட்டையும் அகன்ற வண்ண இலைச் செடிகளையும் எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் மீது தவறில்லை, நாம் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் செடிகளில் பலவற்றின் பூர்வீகம் ஈரம் வற்றாத மழைக்காடு. அவற்றுக்குப் பழக்கமான நிழல் ஈர நிழல். நம் மரத்தடியில் இருப்பது காய்ந்த நிழல். கேள்வியைத் தவறாகக் கேட்டுவிட்டு விடையைக் குறை சொல்கிறோம்.

காய்ந்த நிழலுக்கு விடை நம் பக்கத்திலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டைப் போல, சோழமண்டலக் கரையில் சில கோயில் காடுகள் எஞ்சியிருக்கின்றன. ஆண்டில் பாதி மாதங்களுக்கு மேல் வறட்சி, மேலே என்றும் பசுமையான அடர்ந்த இலை. அப்படியும் கீழே தரை மொட்டையாக இல்லை. அங்கே வாழும் செடிகளும் அவற்றின் உறவினரும்தாம் நம் மரத்தடிக்கு ஏற்றவை.

என் பட்டியலில் முதலிடம் மருளுக்கு. வாள் போன்ற தடித்த இலை, பாம்புத் தோல் போன்ற கோடுகள். பகலில் இலைத்துளைகளை மூடி வைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொள்ளும். இரவில் காற்று குளிர்ந்திருப்பதால் நீராவிப்போக்கு குறைவு. சிக்கனம் என்றால் அதனிடம்தான் கற்க வேண்டும். ஆனால் கூரான நுனி சிறு குழந்தைகளின் கண்ணுயரத்தில் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். அடுத்தது தண்ணீர்விட்டான். பெயரே சொல்கிறதே, மண்ணுக்குள் கொத்துக் கொத்தாகக் கிழங்குகள் வைத்து நீரைச் சேமிக்கும் கொடி. வெளி ஓரங்களில், சற்று வெயில் எட்டும் இடத்தில், ஆடாதோடை நல்ல புதராக வளரும். வேலி தாண்டி வரும் ஆடுகளும் அதைத் தொடா. நிலவேம்பு ஒரு மழைக்காலத்தில் வளர்ந்து விதை சிந்திவிட்டு, அடுத்த ஆண்டு தானே முளைக்கும். நீலாம்பரி என்று ஒரு செடி உண்டு. பச்சையும் நீலமும் கலந்த விநோதமான பூ. நிழலில் பூக்கும் சில செடிகளில் அது ஒன்று. கனகாம்பரம் எங்கள் சோதனையில் தரையில் தோற்றதைச் சொன்னேன். வாரம் இரு முறை நீர் தருவீர்கள் என்றால் விளிம்பில் வைக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்த தாவரவியல் துறை நண்பர் சிரித்தார். ஆடாதோடை, நிலவேம்பு, நீலாம்பரி, கனகாம்பரம் நான்கும் ஒரே குடும்பமாம். எனக்குத் தெரியாது. தண்ணீரில் போட்டால் படபடவென்று வெடிக்கும் காயை வைத்து விளையாடியிருப்பீர்களே, அந்தச் செடியும் அதே குடும்பம்தானாம். அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. கிழங்கு போன்ற வேரால் வறட்சியைத் தாங்கும், நீல நிறத்தில் அழகாகப் பூக்கும். ஆனால் நீங்கள் அதை நட வேண்டாம். தானே வந்துவிடும், வந்தால் போகாது.

ரோஜா, செண்டுமல்லி, துளசி ஆகியவற்றை மரத்தடியில் வைத்து வதைக்காதீர்கள். அவை வெயிலின் பிள்ளைகள்.

நடும் முறையில்தான் நான் பெரிய தவறு செய்தேன். பத்து ஆண்டுகளுக்கு முன், மரத்தைச் சுற்றிச் செங்கல் வட்டம் கட்டி, முழங்கால் உயரம் செம்மண் கொட்டி, அதில் குரோட்டன்ஸ் நட்டு, தினமும் நீர் விட்டோம். முதல் ஆண்டு புகைப்படம் எடுக்கும்படி இருந்தது. இரண்டாம் ஆண்டு மரத்தின் உச்சிக் கிளைகள் காய ஆரம்பித்தன. வேரும் சுவாசிக்கிறது என்பதைப் பாடத்தில் படித்த நான், அதை மறந்துவிட்டேன். ஆக்ஸிஜன் காற்றில் விரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாக விரவுகிறது. மேலே புது மண்ணைக் கொட்டி, அதன் துளைகளையும் நீரால் நிரப்பிவிட்டால், கீழே உள்ள வேருக்குக் காற்று போகும் வழி ஏது? வட்டத்தை இடித்து மண்ணை அள்ளி எடுத்தோம். மரம் தேறிவிட்டது. ஆனால் தெற்குப் பக்கம் ஒரு கிளை திரும்பவே இல்லை. அந்த மொட்டைக் கிளையை இன்றும் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே மண்ணைக் கொட்டாதீர்கள். மண்வெட்டியும் எடுக்காதீர்கள், களைக்கொத்து போதும். பெருவிரலைவிடப் பருத்த வேர் தட்டுப்பட்டால் குழியை மூடிவிட்டு ஒரு முழம் தள்ளித் தோண்டுங்கள். பெரிய செடி வாங்க வேண்டாம். சிறிய நாற்றுக்குச் சிறிய குழி போதும், வேர்களுக்கு நடுவே இடம் கிடைக்கும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் உங்களுக்காக நீர் ஊற்றும். அடுத்த கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை ஆழமாக நனையும்படி விடுங்கள். தினம் ஒரு குவளை தெளிப்பது மேல் மண்ணை நனைத்து ஆவியாவதற்குத்தான். அடிமரத்தை ஒட்டி ஒரு மீட்டருக்கு எதையும் நட வேண்டாம். அது வெறுமையாக இருந்தால்தான் என்ன?

உதிர்ந்த இலையை என்ன செய்வது என்பதில் எனக்கும் எங்கள் கல்லூரித் தோட்டக்காரருக்கும் நெடுநாள் வழக்கு. அவர் தினமும் விளக்குமாற்றால் தரை பளபளக்கப் பெருக்கி, மூலையில் குவித்துக் கொளுத்திவிடுவார். காய்ந்த இலைகளின் அடுக்கு மண்ணுக்கு ஒரு போர்வை. மண்ணிலிருந்து நுண்துளை வழியாக மேலேறும் நீர் அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். நிழலில் இருக்கிற மண்ணைக்கூட நாம் பெருக்கிப் பெருக்கிக் காய வைக்கிறோம். அவர் சொல்லும் பதிலும் நியாயமானதே: "சார், இலை கிடந்தால் தேள் வரும், பாம்பு வரும். பிள்ளைகள் நடக்கிற இடம்." கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நடக்கும் பாதையையும் உட்காரும் இடத்தையும் அவர் பெருக்குவார். செடி உள்ள பகுதியில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் இலை கிடக்கும். கொளுத்துவது அறவே இல்லை.

சிமென்ட் கல் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. அந்தச் செய்தியைக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். மாணவர்கள் டப்பாக் கணக்கையும் தொட்டிகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். பாதி வெற்றி கிடைத்தது. வண்டிகள் நிற்கும் மேற்குப் பக்கத்தில் கல் பதித்துவிட்டார்கள். அங்கே மழைநீர் இப்போது சாக்கடைக்கு ஓடுகிறது. மற்ற மூன்று பக்கமும் எங்கள் பொறுப்பில் இருக்கிறது. வடக்கில் மருள் பிடித்துவிட்டது. கிழக்கில் வைத்த பன்னிரண்டு நிலவேம்பில் ஏழு பிழைத்து விதை விட்டிருக்கின்றன. தெற்கில், அந்த மொட்டைக் கிளையின் கீழ் மட்டும் வெயில் அதிகம். அங்கே எது பிழைக்கும் என்று பார்க்க, வரும் புரட்டாசியில் ஆடாதோடையும் நீலாம்பரியும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறோம், ஒவ்வொன்றிலும் ஐந்து.